கோழிக்குடல், மீன்தலை, மாட்டெலும்பு: வன்னி மண்ணுக்கு எருவாக்குவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா, மன்னார்ப் பக்கம் கோழிக்கடை, இறைச்சிக்கடை, மீன்வாடி நடத்துகிறவர்களும் தோட்டம் செய்கிறவர்களும் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகள் இவை. எல்லாப் பதிலுக்கும் அடியில் ஒரே விசயந்தான் கிடக்கிறது. ஒரு பக்கம் குடலும் தலையும் காட்டோரத்தில் கொட்டுப்பட்டு நாறுகின்றன. மறுபக்கம் அறுவடை முடிந்த வயலில் வைக்கோல் எரிகிறது. ஒன்றில் நைதரசன் மிஞ்சிக் கிடக்கிறது, மற்றதில் காபன் மிஞ்சிக் கிடக்கிறது. தனித்தனியே இரண்டும் தொல்லை. சேர்த்துப் போட்டால் பசளை.

ஒரு சின்னக் கடையில் எவ்வளவு கழிவு வந்துவிடப் போகிறது?

நினைப்பதைவிடக் கூட. உயிர்க்கோழியின் எடையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் குடல், இறகு, தலை, கால், இரத்தம் என்று போய்விடும். நாளுக்கு 30 கோழி உரிக்கிற கடையை எடுங்கள். கோழி ஒன்று 2 கிலோ என்றால் 60 கிலோ. அதில் 15 கிலோவுக்குக் குறையாமல் கழிவு. மாதம் சேர்த்தால் 450 கிலோவைத் தாண்டும். மீனில் தலை, குடல், செதிள், செட்டை என்று இனத்தைப் பொறுத்து 30 முதல் 50 வீதம் வரை கழியும். மாடு அதைவிடப் பாரமான கணக்கு. முன்வயிற்றில் அரைகுறையாய்ச் செமித்துக் கிடக்கிற புல் மட்டுமே உடலெடையில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் வரும்.

காட்டோரத்தில் போட்டால் நரியும் நாயும் தின்றுவிடும்தானே, அதிலென்ன குறை?

தின்னும். அதுதான் குறை. ஒரு இடத்தில் தொடர்ந்து கொட்டினால் அங்கே நாய்க்கூட்டம் நிலைத்துவிடும். விசர்நாய்க்கடிப் பயமும், இரவில் மோட்டார் சைக்கிளுக்குக் குறுக்கே நாய் பாய்கிற பயமும் கூடவே வரும். காட்டுப்பன்றி அந்த மணத்துக்குப் பழகினால் அடுத்தது பக்கத்துத் தோட்டந்தான். எலி பெருகும். 2024 டிசம்பரில் யாழ்ப்பாணத்தில் எலிக்காய்ச்சல் உயிர்களைக் குடித்ததை எல்லோரும் கண்டோம்.

தண்ணீரைப் பற்றியும் யோசியுங்கள். வன்னியில் குடிக்கிற தண்ணீர் பெரும்பாலும் கிணற்றுத் தண்ணீர். மாரியில் வெள்ளம் வாய்க்கால் வழியே குளத்துக்கும், கடைசியில் நந்திக்கடல், நாயாறு, கொக்கிளாய் போன்ற களப்புகளுக்கும் போய்ச் சேரும். குடலும் இரத்தமும் தேங்கிய தண்ணீரில் அழுகும்போது அங்குள்ள ஒட்சிசனை இழுத்துக்கொள்ளும். பிறகு மீன் மிதக்கும்.

இந்தக் கழிவில் பயிருக்கு அப்படி என்ன இருக்கிறது?

காய்ந்த இரத்தத்தில் நைதரசன் 12 முதல் 13 வீதம். இறகிலும் ஏறக்குறைய அவ்வளவு இருக்கிறது, ஆனால் அது மெதுவாகத்தான் வெளிவரும். அவித்துப் பொடித்த எலும்பில் பொசுபரசு, பசளைக்காரர் கணக்கிடுகிற ஒட்சைட்டு (P₂O₅) முறையில், 20 வீதத்துக்கு மேல். கூடவே நிறையக் கல்சியம். மீன் கழிவில் நைதரசன், பொசுபரசு இரண்டும் இருக்கின்றன. பொற்றாசியந்தான் எல்லாவற்றிலும் குறைவு. அந்தக் குறையை நிரப்புவது வைக்கோல். நெற்பயிர் உறிஞ்சுகிற பொற்றாசியத்தில் பெரும்பகுதி மணியில் இல்லை, தாளில்தான் நிற்கிறது. வைக்கோலை எரிக்கிறபோது நைதரசன் கிட்டத்தட்ட முழுவதும் புகையாகப் போகும். சாம்பலில் மிஞ்சுகிற பொற்றாசியத்தை முதல் மழை கழுவிக்கொண்டு போகும்.

இன்னொன்றும் உண்டு. எங்கள் செங்கபில மண்ணில் சேதனப் பொருள் (உக்கிய தாவர, விலங்குப் பொருள்) குறைவு. இந்த வெயிலில் போட்டதும் வேகமாகக் கரைந்துவிடும். ஊட்டம் போக, தண்ணீரைப் பிடித்து வைக்கிற வேலைக்காகவே இந்த மண்ணுக்கு ஆண்டுதோறும் கூட்டெரு (கொம்போஸ்ட்) வேண்டும்.

அப்படியென்றால் யூரியாவை விட்டுவிடலாமா?

நெல்லுக்கு முடியாது. 2021 மேயில் அரசாங்கம் அசேதன (இரசாயன) பசளை இறக்குமதியை ஒரேயடியாக நிறுத்தி, நவம்பரில் அந்தத் தடையை எடுத்தது. இடைப்பட்ட காலத்தில் வன்னி விவசாயி பட்ட பாடு போதும். அந்த நாட்களில் சேதனப் பசளையைப் பற்றிச் சொல்லப்பட்ட மிகைப்பேச்சை இங்கே திருப்பிச் சொல்ல நான் விரும்பவில்லை.

கணக்கைப் பாருங்கள். யூரியாவில் 46 வீதம் நைதரசன். ஏக்கருக்கு 90 கிலோ யூரியா போட்டால் 41 கிலோ நைதரசன் போகிறது. நல்ல கூட்டெருவில், காய்ந்த எடைக்கு, நைதரசன் 1 முதல் 2 வீதம். நடுவில் ஒன்றரை வீதம் என்று வைத்தால், அதே 41 கிலோவுக்கு உலர்ந்த கூட்டெரு கிட்டத்தட்ட 2.7 தொன் வேண்டும். அதுவும் முதற்போகத்திலேயே முழுவதும் பயிருக்குக் கிடைக்காது, ஒரு பகுதிதான் கிடைக்கும். ஒருவரின் பத்து ஏக்கர் வயலுக்கு இதை எங்கே தேடுவது?

ஆனால் கத்தரி, மிளகாய், பயற்றை, பப்பாசி, வாழை, தென்னை, முற்றத்துக் கீரைப்பாத்தி என்று வந்தால் கதை வேறு. இடம் சிறியது, விளைச்சலின் பெறுமதி பெரியது. மரக்கறிக்கு ஹெக்டயருக்கு 10 தொன் சேதனப் பசளை என்பது வழக்கமான சிபாரிசு. கால் ஏக்கர் தோட்டத்துக்கு அது ஒரு தொன்தான். ஒரு கோழிக்கடையும் ஒரு ஏக்கர் வைக்கோலும் சேர்ந்தால் அதை நிரப்பலாம். இந்தக் கழிவு போகவேண்டிய இடம் தோட்டந்தான், வயல் இல்லை.

சரி, கூட்டெரு போடுகிற முறையைச் சொல்லுங்கோ.

முதலில் வைக்கோல், பிறகுதான் குடல். வைக்கோல் கைவசம் இல்லாமல் கழிவைக் கொண்டுவந்து இறக்கவே கூடாது.

நாலு பக்கமும் நாலடி, உயரமும் நாலடி. வேலித்தடியோ பழைய பலகையோ போதும், சுற்றிக் கோழிவலை அடியுங்கள். இதைவிடச் சிறிதாகக் கட்டினால் சூடு நிற்காது. நிலம் மேடாயிருக்க வேண்டும், கிணற்றுக்குக் கிட்ட வேண்டாம், மேலே கூரை வேண்டும். இடம் தெரிவுசெய்கிறபோது சோளகம் (தென்மேற்குக் காற்று) எந்தப் பக்கம் வீசும் என்று பாருங்கள். ஆடி, ஆவணியில் குவியலிலிருந்து வருகிற காற்று உங்கள் வீட்டுக்கோ அயலவர் வீட்டுக்கோ போகக்கூடாது.

அடியில் ஓரடிக்கு வைக்கோல். குடலிலிருந்து வடிகிற நீரை இந்தப் படைதான் பிடித்துக்கொள்ளும். அதன்மேல் கழிவை மூன்று, நாலு அங்குலத்துக்குப் பரப்புங்கள். ஓரத்திலிருந்து ஒரு சாண் உள்ளுக்குத் தள்ளியே பரப்ப வேண்டும், ஓரத்தில் கிடக்கிற குடல் வேகாது. அதன்மேல் கொஞ்சம் மாட்டெரு அல்லது பழைய கூட்டெரு தூவி, பிறகு கழிவு கண்ணுக்குத் தெரியாதபடி வைக்கோல். இப்படி மாறி மாறி அடுக்கி, கடைசியில் ஓரடிக்கு வைக்கோலால் மூடுங்கள். வைக்கோலை நறுக்கிப் போட்டால் வேலை வேகமாக நடக்கும்.

எவ்வளவுக்கு எவ்வளவு? குவியலில் காபனும் நைதரசனும் 25க்கு 1 என்ற அளவை ஒட்டி நின்றால் நல்லது. வைக்கோலில் அது 60க்கு மேல். குடல், இரத்தம், மீன் கழிவில் ஐந்துக்குக் கிட்ட. நிறுத்துப் பார்த்தால் ஒரு கிலோ கழிவுக்கு ஒன்றரை முதல் இரண்டரை கிலோ காய்ந்த வைக்கோல் வரும். ஓரேக்கரில் ஒன்றரை, இரண்டு தொன் வைக்கோல் கிடைக்கும் என்று வைத்தால், அது ஏறக்குறைய ஒரு தொன் கழிவை வாங்கிக்கொள்ளும். மேலே சொன்ன 30 கோழிக் கடையின் இரண்டு மாதக் கழிவு அது.

ஈரம் சரியா என்று பார்க்க ஒரு பிடி எடுத்து இறுக்கிப் பிழியுங்கள். ஒன்றிரண்டு துளி வந்தால் போதும். ஒழுகினால் ஈரம் கூட. குடலிலேயே நிறையத் தண்ணீர் இருப்பதால் வைக்கோலை இலேசாக நனைத்தால் காணும்.

இரண்டு, மூன்று நாளில் உள்ளே சூடு ஏறத் தொடங்கும். 55 பாகை செல்சியசைத் தாண்ட வேண்டும், 65க்குள் நின்றால் மிக நல்லது. சல்மொனெல்லா போன்ற கிருமிகளும், மாட்டு வயிற்றுப் புல்லில் கிடக்கிற களை விதைகளும் அந்தச் சூட்டில்தான் சாகும். நீளக் காம்புள்ள வெப்பமானி ஒன்று வாங்குவது வீண் செலவில்லை. அது இல்லாவிட்டால் ஒரு இரும்புக் கம்பியை நடுவில் குத்திச் சில நிமிடம் விட்டு இழுத்துப் பிடியுங்கள். பிடித்து வைத்திருக்க முடியாத சூடாக இருக்க வேண்டும்.

முதல் இரண்டு, மூன்று கிழமை கிண்டவே வேண்டாம். கிண்டினால் நாற்றம் ஊரைக் கூட்டும். சதை கரைந்த பிறகு வெளிப்புறத்தில் கிடந்ததை உள்ளே தள்ளிப் புரட்டி, காய்ந்திருந்தால் தண்ணீர் தெளியுங்கள். மறுபடி சூடேறும். திறந்த குவியலுக்கு அமெரிக்கச் சுற்றாடல் விதி 55 பாகைக்கு மேல் 15 நாளும், அந்த நாட்களுக்குள் 5 தடவை புரட்டலும் கேட்கிறது. மரக்கறித் தோட்டத்துக்குப் போகிற எருவென்றால் அதையே உங்கள் அளவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள். மூன்று, நாலு மாதத்தில் கறுத்து, உதிர்ந்து, மழை பெய்த மண் மணக்கும். பெரிய எலும்புகளும் சில இறகுகளும் மிஞ்சும். பொறுக்கி அடுத்த குவியலில் போடுங்கள்.

வைக்கோலை மாடு தின்ன வேண்டாமா?

வேண்டும், மாட்டுக்குத்தான் முதலிடம். மழையில் நனைந்து பூஞ்சணம் பிடித்ததையும், வயலில் எரிக்கவென்று விட்டதையும் எடுங்கள். காலபோக அறுவடை முடிந்தவுடன் கேட்டால் சும்மாவே தருகிறவர்கள் இருக்கிறார்கள். மரக்காலையில் கிடைக்கிற மரத்தூளும் நல்லது, மேல்மூடிக்கு அதைப்போல நாற்றத்தை அடக்குவது வேறில்லை. மருந்தடித்த பலகைத்தூளை மட்டும் தவிருங்கள். தேக்கஞ்சருகும் ஆகும். உமியை மாத்திரம் நம்பவேண்டாம். அதிலுள்ள சிலிக்காவால் அது உக்கவே மாட்டேன் என்கிறது. வேண்டுமென்றால் உமியைக் கரியாக்கிக் கலக்கலாம். உமிக்கரி நாற்றத்தையும் அமோனியாவையும் உறிஞ்சிப் பிடிக்கும்.

நாறாதா? புழு வைக்காதா?

சரியாக மூடிய குவியல் நாறாது. நாறினால் அது உங்களோடு பேசுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். மூக்கை எரிக்கிற அமோனியா மணம் வந்தால் நைதரசன் பறந்துகொண்டிருக்கிறது, வைக்கோல் போதவில்லை. கூழ்முட்டை நாற்றம் வந்தால் தண்ணீர் கூடிக் காற்று நின்றுவிட்டது, காய்ந்த சருகைக் கலந்து தளர்த்துங்கள். இலையான் புழு மேற்பரப்பில்தான் வரும், மேல்மூடி மெல்லிசு என்று அர்த்தம்.

நாற்றமும் இல்லை, சூடும் இல்லை என்றால் பெரும்பாலும் காய்ந்துபோயிருக்கும். சோளகக் காலத்தில் இது சாதாரணம்.

மாரியில் என்ன செய்வது?

ஐப்பசி முதல் மார்கழி வரை கூரை இல்லாமல் போடாதீர்கள். தறப்பாள் போதும், ஆனால் குவியலோடு ஒட்டக் கட்டாமல் இடைவெளி விட்டு உயர்த்திக் கட்டுங்கள். சுற்றி ஒரு சின்ன வாய்க்கால் வெட்டி வெளிவெள்ளத்தைத் திருப்பிவிடுங்கள். வைக்கோல் மாரியில் கிடைக்காது. மாசி, பங்குனியிலேயே கட்டிக் காப்பாற்றி வைத்தவருக்குத்தான் மாரியில் குவியல்.

அண்ணை, மீன் கரைசல் எப்படிச் செய்யிறது? சீனி விலையில கட்டுப்படியாகுமா?

வழக்கமான முறையில் மீன் கழிவும் சர்க்கரையும் சம எடை. நறுக்கின மீனையும் பொடித்த சர்க்கரையையும் ஒரு பிளாஸ்ரிக் பரலில் அடுக்கி, முக்கால் பரலுக்கு மேல் நிரப்பாமல், துணியால் வாயைக் கட்டி நிழலில் வைப்பார்கள். மூன்று கிழமையிலிருந்து ஒரு மாதத்தில் சதை கரைந்து, தேன் நிறத்தில் புளிப்பும் இனிப்புமாக மணக்கிற சாறு வரும். மேலே மிதக்கிற எண்ணெயை எடுத்துவிட்டுத் துணியில் வடியுங்கள், இல்லாவிட்டால் தெளிகருவியின் வாய் அடைபடும்.

சர்க்கரை விலை உண்மையான தடை. அதன் வேலை இரண்டு: அழுகலைத் தடுப்பதும், அமிலம் உண்டாக்குகிற நுண்ணுயிருக்குத் தீனியாவதும். இரண்டாவது வேலைக்கு மொலாசஸ் போதும். மீனின் எடையில் 15, 20 வீதம் மொலாசஸ், அதோடு கொஞ்சம் தயிர், நன்றாகக் கலந்து காற்றுப் புகாமல் மூடி, வாயு போக நாளுக்கொரு தடவை இலேசாகத் திறந்துவிட வேண்டும். பழுதான பப்பாசியும் வாழைப்பழமும் இருந்தால் பிசைந்து சேருங்கள். சில நாளில் அமிலநிலை (pH) அமிலத்தாளில் 4.5க்குக் கீழே இறங்கவேண்டும். இறங்காமல் அழுகல் நாற்றம் அடித்தால் இனிப்புப் போதவில்லை. அதைத் தூக்கிக் கூட்டெருக் குவியலின் நடுவில் போடுங்கள், தெளிக்காதீர்கள்.

பெரிய அளவில் செய்கிற வாடிகளுக்குப் போமிக் அமிலம் வேகமான வழி. அரைத்த மீன் எடையில் 3 வீதம் கலந்தால் அமிலநிலை 4க்குக் கீழே போய், மீனின் குடலிலுள்ள நொதியங்களே சதையைக் கரைத்துவிடும். எங்கள் வெப்பத்தில் ஒரு கிழமைக்குள் நீராகும். ஆனால் அந்த அமிலம் தோலையும் கண்ணையும் எரிக்கும். கையுறையும் கண்ணாடியும் இல்லாதவர் தொடவேண்டாம்.

தெளிக்கும்போது லீற்றர் தண்ணீருக்கு 5 முதல் 10 மில்லிலீற்றர், பின்னேரம் வெயில் தாழ்ந்த பிறகு. கூடப் போட்டால் இலை கருகும். மிளகாய், கத்தரி, பயற்றையில் இலை பசுமையாகி வருவது கண்ணுக்குத் தெரியும். அடிப்பசளைக்குப் பதிலாக இதை நினைக்காதீர்கள்.

கருவாட்டு வாடிக் கழிவும் நண்டுக்கோதும் ஆகுமா?

உப்புப் போடுவதற்கு முன் வெட்டி எடுத்த குடல், தலை ஆகும். உப்பில் ஊறினதும் அந்த உப்புத் தண்ணீரும் ஆகாது. வெயில் நாட்டு மண்ணில் ஒருதரம் ஏறிய உப்பு இலகுவில் இறங்காது.

நண்டுக்கோதும் இறால் தலையும் வேறு வகையில் பெறுமதியானவை. அவற்றில் கல்சியம் காபனேற்றோடு கைற்றின் என்ற பொருளும் இருக்கிறது. மண்ணில் கைற்றினைத் தின்கிற நுண்ணுயிர்கள் பெருகும்போது, வேரில் முடிச்சு உண்டாக்குகிற நெமற்றோட்டு என்ற நுண்புழுவின் முட்டையோட்டிலுள்ள அதே பொருளையும் அவை தாக்கும். கத்தரி, தக்காளி வேரில் முடிச்சு விழுகிற தோட்டக்காரர் கவனிக்க வேண்டிய இடம் இது. பூநகரி, மன்னார்ப் பக்கம் நண்டு பதப்படுத்துகிற இடங்களிலிருந்து வருகிற கோதை மழையில் ஒருதடவை கழுவவிட்டு, வெயிலில் காயவைத்து, இடித்து, நடுகைக்குச் சில கிழமை முன்பே மண்ணில் கலந்துவிடுங்கள். நட்ட பிறகு கலந்து பயனில்லை.

கொல்களத்து இரத்தத்தை அப்படியே வாழைக்கு ஊற்றலாமா?

வேண்டாம். நாய் தோண்டும், இலையான் மொய்க்கும், வேர் கருகும். இரத்தத்தில் ஐந்தில் நாலு பங்கு தண்ணீர். அதை மரத்தூளிலோ உமிக்கரியிலோ ஊறவிட்டுக் கூட்டெருவில் சேர்ப்பதுதான் சின்ன இடங்களுக்குச் சரி. காய்ச்சி உலர்த்திப் பொடியாக்குவதென்றால், கிளறிக்கொண்டே கொதிக்கவைத்து, உறைந்த கட்டியைப் பிழிந்து, படங்கில் மெல்லிசாகப் பரப்பி நல்ல வெயிலில் காயவைக்க வேண்டும். அந்தப் பொடியைச் சதுர மீற்றருக்கு 50 கிராம் அளவில் மண்ணோடு கலந்தால் போதும். நாற்றுமேடைக்குப் போடாதீர்கள், இளவேர் தாங்காது.

எலும்பு உக்கவே உக்காதே?

கோழி எலும்பு உக்கும். பிறசர் குக்கரில் ஒன்றரை மணித்தியாலம் அவித்தால் கையாலேயே நொறுங்கும். மாட்டெலும்பை அவித்து, காயவைத்து, இடிக்க வேண்டும். அல்லது விறகுச் சூளையில் வெள்ளையாகும்வரை எரிக்கலாம். எரித்தால் நைதரசன் போய்விடும், பொசுபரசும் கல்சியமும் நிற்கும். சூளை வெளியில், வீடுகளுக்கு எட்டத்தில்.

எலும்புப்பொடி எங்கே நன்றாக வேலை செய்யும் என்பது மண்ணைப் பொறுத்தது. அமிலம் கொஞ்சம் உள்ள மண்ணில் கரையும். யாழ்ப்பாணத்துச் சுண்ணக்கல் மண் போன்ற கார மண்ணில் ஏறக்குறைய அப்படியே கிடக்கும். வன்னியின் உட்பகுதிச் செம்மண் பல இடங்களில் நடுநிலையை ஒட்டியது, அங்கே பலன் கிடைக்கும். போடுமுன் மண்ணின் அமிலநிலையைப் பரிசோதித்துப் பாருங்கள், விவசாயப் போதனாசிரியர் வழிசொல்லுவார். கடையில் கிடைக்கிற எப்பாவல பாறைப் பொசுபேற்றும் மெதுவாகக் கரைகிறதுதான். எலும்பு அதைவிடக் கொஞ்சம் கெதியில் விட்டுக்கொடுக்கும். இரண்டுமே தென்னை, மா, தோடை போன்ற நீண்டகாலப் பயிருக்கு உகந்தவை.

இறகு?

அதன் புரதம் கெரற்றின், இலகுவில் உடையாது. வெந்நீரில் போட்டு உரித்த இறகு சற்று வேகமாக உக்கும். குவியலில் மெல்லிய படையாக, குடலோடு கலந்து போடுங்கள். கட்டியாய்ப் போட்டால் அடுத்த வருசமும் கட்டியாகவே எடுப்பீர்கள்.

குடலில் புழு வளர்த்துக் கோழிக்குப் போடலாம் என்கிறார்களே?

கறுப்புப் படைவீரன் ஈ என்று சொல்கிற ஈயின் புழு அது. வீட்டு இலையான் வேறு, இது வேறு. வளர்ந்த ஈ உணவில் வந்து மொய்ப்பதில்லை. புழு இரண்டு கிழமையில் பருத்துவிடும். காய்ந்த எடையில் 40 வீதத்தை ஒட்டிப் புரதம். கோழியும் குளத்து மீனும் விரும்பித் தின்னும், மிஞ்சுகிற கழிவு நல்ல எரு. ஊரில் இயல்பாகவே இருக்கிற ஈ, ஈரமான தவிடு வைத்தால் தேடி வரும். மரக்கறிக் கழிவோடு தொடங்கி, மீன் குடலைக் கொஞ்சங் கொஞ்சமாகச் சேர்ப்பது பாதுகாப்பு. கோழிக்குடலில் வளர்ந்த புழுவைக் கோழிக்கே போடாதீர்கள், மீனுக்குப் போடுங்கள். பேத்தை மீனின் கழிவைத் தீவன வழியில் எங்கும் சேர்க்காதீர்கள். அதன் நஞ்சு சூட்டிலும் போகாது.

மாட்டுக்கு எலும்புத்தூள் கலந்து தீவனம் கொடுக்கலாமா?

கொடுக்கக்கூடாது. மாடு, ஆடு, எருமை எதற்கும் இறைச்சி, எலும்பு, இரத்தம் போகக்கூடாது. பிரித்தானியாவில் 1986இல் அடையாளம் காணப்பட்ட பைத்திய மாட்டு நோய் இப்படிப்பட்ட தீவனத்தால்தான் பரவியது. 1988இல் அங்கே அந்தத் தீவனத்தைத் தடைசெய்தார்கள். அந்த நோய்க்குக் காரணமான புரதம் கூட்டெருச் சூட்டில் அழியாது. எலும்புப்பொடி போட்ட பாத்தியில் மாட்டை மேயவிடவும் வேண்டாம்.

நோயில் செத்த மாட்டை இந்த முறையில் உக்கவைக்கலாமா?

வேண்டாம். 2022 டிசம்பரில் மாண்டஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட மாடாடுகள் செத்தன. கிளிநொச்சியும் முல்லைத்தீவும் அதில் மோசமாக அடிபட்டன. அன்று பட்டிக்காரர்கள் பட்ட துயரத்தில் உடல்களை என்ன செய்வதென்று யோசிக்கவே நேரமிருக்கவில்லை. அப்படியான வேளையில் முதலில் கால்நடை வைத்திய அதிகாரியைக் கூப்பிடுங்கள். அவர் சொன்னபடி, கிணற்றுக்கும் குளத்துக்கும் எட்டத்தில், ஆழமாய்க் கிடங்கு வெட்டிச் சுண்ணாம்பு போட்டுப் புதையுங்கள். காரணம் தெரியாமல் திடீரென்று செத்து, மூக்கு வாயால் இரத்தம் வடிகிற மாட்டை வெட்டவோ உரிக்கவோ கூடாது. அது அடைப்பானாய் (அந்த்ராக்ஸ்) இருந்தால் அந்தக் கிருமியின் வித்துகள் மண்ணில் பல பத்தாண்டு கிடக்கும்.

கோயிலுக்குப் பூப்பறிக்கிற செடிக்கு இதைப் போடலாமா? மனம் ஒப்பவில்லை.

மனம் ஒப்பாவிட்டால் போடாதீர்கள், அம்மா. உக்கி முடிந்த எருவில் இறைச்சி என்று எதுவும் மிஞ்சுவதில்லை என்பது உண்மைதான். ஆனால் நந்தியாவட்டைக்கும் செவ்வரத்தைக்கும் மாட்டெருவும் இலைதழையும் தாராளமாகப் போதும். சுவாமிக்கு என்று வளர்க்கிற செடியில் உங்கள் மனத்திருப்திதான் பெரிது. இந்த எருவை எவருக்காவது கொடுத்தாலோ விற்றாலோ என்னென்ன சேர்ந்தது என்று சொல்லிக் கொடுங்கள். சைவக்காரர் வீட்டுக்கு அதைச் சொல்லாமல் கொடுப்பது சரியில்லை.

கையாளுகிறவருக்கு ஆபத்து உண்டா? கீரைக்குப் போடலாமா?

சப்பாத்து, கையுறை இரண்டும் கட்டாயம். கையில் வெட்டுக்காயம் இருந்தால் அன்றைக்கு வேறு ஆளை விடுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி மாட்டு மூத்திரத்திலும் இருக்கும், காயத்தால் உள்ளே போகும். வேலைக்குப் பிறகு காய்ச்சலும் கெண்டைக்கால் உளைவும் வந்தால் வைத்தியரிடம் போய் என்ன வேலை செய்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள். பச்சையாய்த் தின்கிற வல்லாரை, சலாது போன்றவற்றுக்கு, சூடேறி நன்கு முதிர்ந்த எருவைத் தவிர வேறெதுவும் வேண்டாம். சூடு சரியாக ஏறியதா என்று சந்தேகமென்றால் அறுவடைக்கு நாலு மாதம் முன்பே மண்ணில் கலந்துவிடுங்கள்.

அனுமதி எடுக்க வேண்டுமா?

உங்கள் வளவில் உங்கள் தேவைக்கென்றால் அயலவருக்குத் தொல்லையில்லாமல் செய்தால் சரி. பல கடைகளிலிருந்து சேர்த்து விற்பனைக்குச் செய்வதென்றால் முதலில் பிரதேச சபையிலும் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடமும் பேசுங்கள். சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரம் தேவையா என்று அங்கேயே கேட்கலாம். கடைக்காரரோடு ஒரு ஒழுங்குக்கு வாருங்கள்: பொலித்தீன் கலக்காமல், மூடியுள்ள வாளியில், அன்றன்றைய கழிவு அன்றன்றே. ஹஜ்ஜுப் பெருநாள் போன்ற நாட்களில் ஒரேயடியாக நிறைய வரும். அதற்கு முதற்கிழமையே வைக்கோலைச் சேர்த்து வையுங்கள்.

குவியலெல்லாம் எனக்குச் சரிவராது. தென்னங்கிடங்கில் மீன்தலையைப் புதைத்தால் போதாதா?

சில தலைகள்தான் என்றால் அதுவும் நல்ல வழி, எங்கள் ஆட்கள் எப்போதும் செய்துவந்ததுதான். புதுக்கன்றுக்கென்றால் மூன்றடிக் கிடங்கு வெட்டி, அடியில் பொச்சுமட்டை, அதன்மேல் மீன்தலை, அதன்மேல் இரண்டு கூடை உக்கிய எருவும் மண்ணும் போட்டு மூடுங்கள். ஒரு மாதம் பொறுத்துத்தான் கன்றை வையுங்கள், அழுகுகிற சூட்டில் இளவேர் நிற்காது. வளர்ந்த மரத்துக்கென்றால் அடியிலிருந்து ஐந்தாறடி தள்ளி, இரண்டடி ஆழத்தில் பிறைவடிவாக வெட்டிப் போடலாம். மேலே மண்ணை மிதித்து இறுக்கி, விடத்தல் முள்ளை அடுக்கிப் பெரிய கல் ஒன்றை ஏற்றி வையுங்கள். பன்றி வந்து கிளறாமல் அது காக்கும்.